நான்கு பக்கமும் கதவு

ஜூன் 5, திங்கள்

டாக்டர் ரெஜினா சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். "தினமும் என்ன செய்றாங்க, என்ன பேசுறாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க சார். ஆறு வாரம் கழிச்சு அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். என்ன முடிவு என்று அவர் சொல்லவில்லை. என் மகள் சாரு பெங்களூரிலிருந்து போனில் சொல்லிவிட்டாள். அம்மா தேறவில்லை என்றால் கோயம்புத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டுமாம். இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறாள். "உங்களால தனியா சமாளிக்க முடியாதுப்பா" என்கிறாள். முப்பத்து நான்கு வருஷம் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைச் சமாளித்த இந்த அருணகிரியிடம் சொல்கிறாள்.

வசுமதிக்கு வயது அறுபது. மே 9 காலை, பின்மூளையில் அடைப்பு. கைகால் விழவில்லை, பேச்சு குழறவில்லை. இடது ஓரத்தில் மட்டும் பார்வை கொஞ்சம் மங்கல். ஆனாலும் இது பழைய வசு இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. நானும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, அதனால் வீடு அமைதியாக இருக்கிறது.

இட்லி இரண்டு. மாத்திரை மூன்று. ரத்த அழுத்தம் 140/90.

ஜூன் 6, செவ்வாய்

இட்லி இரண்டு. மாத்திரை சரி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 8, வியாழன்

பழைய சகா தேவசகாயம் போன் செய்தான். 'மாளிகை' கிடைத்துவிட்டதாம். யாரோ எங்கோ ஒரு பழைய டேப்பிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதை என் மடிக்கணினியில் ஓடும்படி செய்து அனுப்புகிறானாம். ஆகஸ்டில் எங்கள் பிரிவுக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்கள், நினைவு மலர் போடுகிறார்கள். "அதை முடிச்ச ஒரே ஆளு நீதான்டா. எப்படி முடிச்சேன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். மாளிகை என்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு, ஆனால் அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அவ்வளவுதான். நீங்கள் ஒரு பாழடைந்த மாளிகையின் வாசலில் நிற்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். வடக்கே போ என்று அடித்தால் உள்ளே போவீர்கள். விளக்கை எடு என்றால் விளக்கு கைக்கு வரும். இரண்டு வார்த்தைக்கு மேல் சொன்னால் அதற்குப் புரியாது. எழுதியது யார் என்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மாளிகையின் ஈரச் சுவர் வாடை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. என் சொந்த ஊர் வீட்டின் வாடை எப்போதோ மறந்துவிட்டது.

1987. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடியும், கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு. அந்த நாற்பது நிமிஷம் எங்களுடையது. எங்களுடையது என்றால் எனக்கும் வசுவுக்கும். அவள் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், பிரிவிலேயே வேகமாக அடிக்கிறவள். நான் விசைப்பலகை முன்னால் உட்காருவேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, வீணாய்ப்போன பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் மாளிகையின் வரைபடத்தைப் போடுவாள். வேகமாக அடிக்கிறவள் ஏன் நின்றாள்? அப்படித்தான் அமைந்தது.

ஜூன் 10, சனி

சப்பாத்திக் கட்டை படுக்கையறை வாசலில் கிடந்தது. காலில் இடித்துக்கொண்டேன். இதை ஏன் இங்கே போட்டாய் என்று கேட்டால், "இருக்கட்டும்" என்கிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்துச் சமையலறையில் வைத்தேன். மாலையில் மறுபடி அதே இடத்தில். மறுபடி எடுத்து வைத்தேன். சாமான் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டின் சட்டம். போட்டவன் நான்.

ஜூன் 12, திங்கள்

குளியலறை வாசலில் ஒரு பெரிய வெங்காயம். ஹாலில் டி.வி.க்குக் கீழே இட்லித் தட்டு. பூஜை அலமாரிக்கு முன்னால் ஒரு துணிக் கிளிப். எல்லாவற்றையும் அவள் தூங்கும்போது எடுத்து வைத்தேன். டாக்டர் கவனத்துக்கு: பொருட்களை இடம் மாற்றி வைக்கிறாள். புத்தி தடுமாற்றம்.

வேலைக்கு வரும் லூர்து, "அம்மா ஏதோ யோசிச்சுத்தான் வைக்கிற மாதிரி இருக்கு சார். நான் கூட்டும்போது நகத்துனா கோவப்படுறாங்க" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

மாளிகை ஓடுகிறது. எழுத்தும் அதே பச்சை. சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

மாலையில் ஹாலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். கிணற்றறைக்குள் கயிறு கட்டி இறங்கும் கட்டம், கவனம் சிதறக் கூடாது. வசு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போய், வெகுநேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து டீப்பாயில் வைத்தாள்.

"உக்காருங்க. அவர் வந்துருவார்" என்றாள்.

கிண்டல். நாள் முழுக்க மடிக்கணினியே கதி என்று இருக்கிறேனாம், அதைக் குத்திக் காட்டுகிறாள். இந்தக் குசும்பு அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. பதில் சொல்லாமல் தண்ணீரைக் குடித்தேன். கிண்டல் செய்கிற அளவுக்குத் தேறியிருக்கிறாள் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 18, ஞாயிறு

காய்கறி வாங்கிக்கொண்டு வந்து மணியடித்தேன். ஜன்னல் வழியாக என்னை நன்றாகவே பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை. "என்ன வசு, கையில பையோட எவ்வளவு நேரம் நிக்கிறது" என்று சத்தம் போட்ட பிறகுதான் திறந்தாள். கண்ணில் கோளாறா, கவனத்தில் கோளாறா தெரியவில்லை. ரத்த அழுத்தம் 130/85.

ஜூன் 20, செவ்வாய்

மலருக்கு எழுத ஆரம்பித்தேன். மாளிகையில் எல்லாரும் மாட்டிக்கொண்ட இடம் மேல்மாடி. அங்கே பதினான்கு அறைகள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரே வாசகம்தான் வரும்: நீங்கள் ஓர் அறையில் நிற்கிறீர்கள், நான்கு பக்கமும் கதவு. ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது. கிழக்கே போய் மேற்கே திரும்பினால் பழைய அறைக்கு வந்திருக்கிறோமா என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் மேனேஜரே பத்து நாள் அலைந்துவிட்டு விட்டுவிட்டார். நான் அதை உடைத்தேன். நோட்டீஸ் போர்டில் என் பெயரைத் தனியாக எழுதிப் போட்டார்கள். எப்படி உடைத்தேன் என்பதைக் கட்டுரையில் விளக்கமாக எழுத வேண்டும். இன்று அதுவரை வரவில்லை, தலைவலி.

ஹாலில் இட்லித் தட்டு, இரண்டு தடவை. எடுத்து வைத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

லூர்து போகிற போக்கில் ஒன்று சொன்னாள். வீட்டுக்குள் யாரோ நடமாடுவதாக வசு அவளிடம் சொன்னாளாம். சத்தமே இல்லாமல் வருகிறாராம், போகிறாராம். "பூண்டி மாதா கோயில் தண்ணி வீட்ல இருக்கு சார், கொண்டாந்து தெளிக்கவா?" என்றாள். வேண்டாம் என்றேன். டாக்டர் கவனத்துக்கு: பிரமை.

ஆனாலும் ஒருமுறை கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு வசு தூங்கினாள். வீடு முழுக்க அவள் இறைத்து வைத்திருந்த சாமான்களை நிதானமாக எடுத்து ஒதுங்க வைத்தேன். கட்டை, வெங்காயம், தட்டு, கிளிப், ஒரு டார்ச் லைட், ஊறுகாய்ப் பாட்டில். வீடு பளிச்சென்று இருந்தது. அப்புறம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட இறங்கி வந்தால் அவள் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

எங்கள் நகர் கம்பெனி ஊழியர்கள் சங்கம் வைத்துக் கட்டிய நகர். அறுபது வீடும் ஒரே அச்சு. அதே கேட், அதே ஜன்னல், அதே மூன்று படி. வெயிலில் செருப்பு இல்லாமல் நான்கு தெரு ஓடினேன். வசு, வசு என்று கத்திக்கொண்டு ஓடினேன், வெட்கமே இல்லாமல். அறுபத்து நான்கு வயதில் நான் தெருவில் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

பதினேழாம் எண் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டு அம்மாள் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். "பாத்ரூமுக்குப் போறேன்னு உள்ள வந்தாங்க சார். வந்து, எங்க சோபாவையெல்லாம் யாரு மாத்துனதுன்னு கேட்டாங்க. நான்தான் புடிச்சு உக்கார வச்சேன்" என்றார். வசு என்னைப் பார்த்தாள், பேசவில்லை. "வா போலாம்" என்று நான் சொன்னதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

ஜூன் 28, புதன்

சாருவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு ஆபீஸ் குரலில் பேசினாள். "நோட்டை எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. டாக்டர்கிட்ட அதைக் காட்டுனா அவங்களே சொல்லிருவாங்க. பதினேழாம் தேதி நானும் வரேன். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி அந்த ஹோம்ல ஒரு ரூம் காலியாகுது."

முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். புத்தி தடுமாற்றம் என்றும் பிரமை என்றும் எழுதியிருக்கிறேன். அவளை அனுப்ப வேறு எதுவும் வேண்டாம், என் கையெழுத்தே போதும். போட்டோ எடுக்கவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

மாலை ஐந்து மணி இருக்கும். மாளிகையின் மேல்மாடிக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் ஓர் அறையில் நிற்கிறீர்கள், நான்கு பக்கமும் கதவு. வடக்கே போனேன். அதே வாசகம். கிழக்கே. அதே வாசகம். முப்பத்தாறு வருஷம் கழித்தும் செய்ய வேண்டியது என்ன என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. கையிலிருக்கும் சாமானை ஒவ்வொரு அறையிலும் ஒன்றாகக் கீழே போட வேண்டும். விளக்கு கிடக்கும் அறை ஒன்று, கயிறு கிடக்கும் அறை இன்னொன்று. அப்புறம் எல்லா அறையும் ஒரே அறை இல்லை. திரும்பி வந்தால் தெரிந்துவிடும்.

விளக்கைப் போடு என்று அடித்தேன். அடித்துவிட்டு நிமிர்ந்தேன். குளியலறை வாசலில் வெங்காயம் இருந்தது.

உட்கார்ந்தபடியே படுக்கையறை வாசலைப் பார்த்தேன், சப்பாத்திக் கட்டை கிடந்தது.

அந்த யோசனை வசுவுடையது. இதை நான் எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "சார், கையில இருக்கறதை ஒவ்வொண்ணா போட்டுட்டே போனா என்ன?" என்று கேட்டாள். மறுநாள் நான் அடித்தேன், போர்டில் என் பெயரை எழுதினார்கள், அவளும் கைதட்டினாள். வேறு யாராவது அவள் சாமான்களை எடுத்து ஒதுங்க வைத்திருந்தால், பாவம் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லலாம். நான் அந்த மேல்மாடியைத் தாண்டியவன். உலகத்தில் ஒரு ஆளுக்கு அது புரிந்திருக்க வேண்டும் என்றால் எனக்குத்தான். மூன்று வாரமாக அவள் போட்டதையெல்லாம் பின்னாலேயே போய்ப் பொறுக்கியிருக்கிறேன்.

அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். இனி எடுக்கப் போவதில்லை, அது போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

எதையும் தொடவில்லை. வசு யார் துணையும் இல்லாமல் படுக்கையறையிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் போனாள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறாள். காபி போட்டாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ஜூலை 6, வியாழன்

லூர்துவிடமும் சொல்லிவிட்டேன், எதையும் நகர்த்தக் கூடாது என்று. "நான் அன்னைக்கே சொன்னேனே சார்" என்றாள். சொன்னாள்தான்.

ஜூலை 10, திங்கள்

வெங்காயம் முளைவிட்டிருக்கிறது. அது கிடக்கட்டும்.

ஜூலை 17, திங்கள்

ஆஸ்பத்திரி. சாரு விடிகாலை ரயிலில் வந்துவிட்டாள். நோட்டை நானே டாக்டர் கையில் கொடுத்தேன். ஒன்றையும் கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. ஜூலை 2 பக்கத்தை முதலில் படியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

வசுவிடம் நிறையக் கேட்டார். பிறகு சாருவிடம், "இது புத்தி தடுமாற்றம் இல்லம்மா. கண்ணு பாக்குது. பாக்குற இடம் எந்த இடம்னு சொல்ற பகுதிலதான் அடிபட்டிருக்கு. எல்லா ரூமும் அவங்களுக்கு ஒரே ரூம். அதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காங்க. இதைவிட நல்லா நானே சொல்லிக் குடுத்திருக்க முடியாது" என்றார். இல்லத்துக்கு அனுப்பினால் புது இடத்தில் இன்னும் தவித்துப்போவாள் என்றும் சொன்னார். வீடுதான் சரி. சாரு தலையாட்டினாள்.

ஒன்று மட்டும் பாக்கி என்றார் டாக்டர். "சில பேருக்கு இடம் மாதிரியே முகமும் அடையாளம் தெரியாமப் போகும்." என் போனை வாங்கி அதிலிருந்த சாருவின் போட்டோவைக் காட்டினார். வசு வெகுநேரம் பார்த்தாள். யார் என்று சொல்லவில்லை. சாரு உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். டாக்டர் என்னைக் காட்டி, "இவர் யாருன்னு தெரியுதாம்மா?" என்றார்.

"என் வீட்டுக்காரர். வேற யாரு?" என்றாள் வசு, கொஞ்சம்கூடத் தயங்காமல்.

பெற்ற மகளின் முகம் போய்விட்டது, என் முகம் இருக்கிறது. சாருவுக்கு முன்னால் காட்டிக்கொள்ளக் கூடாது என்றாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரும் வழியில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

ஜூலை 19, புதன்

சாரு ஊருக்குப் போனாள். கட்டுரையை முடித்துத் தேவசகாயத்துக்கு அனுப்பினேன். மேல்மாடியை உடைத்தது வசுமதி என்று எழுதியிருக்கிறேன். உடனே போன் செய்து, "அது எங்க எல்லாருக்கும் தெரியும்டா, நீ எப்ப சொல்லுவேன்னுதான் பாத்தோம்" என்றான்.

ஜூலை 21, வெள்ளி

மாலை நாலரை மணி. ஹாலில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மடிக்கணினிகூடத் திறக்கவில்லை. வசு படுக்கையறையிலிருந்து வந்தாள். இட்லித் தட்டைக் குனிந்து பார்த்து ஹால்தான் என்று உறுதி செய்துகொண்டாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க. எப்ப வந்தீங்க? பெல் சத்தம் கேக்கல" என்றாள்.

கிண்டல் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டும் மரியாதைதான் இருந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவர் கடைக்குப் போயிருப்பார். சொல்லிட்டுப் போற பழக்கம் கிடையாது" என்றாள். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியல, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இப்ப யார் முகமும் தெரியறதில்ல. அவர் முகமும்தான். குரல் கேட்டாத் தெரியும். அவர் பேசவே மாட்டாரே, அதான் கஷ்டமா இருக்கு."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதை அவர்கிட்ட சொல்லிறாதீங்க. ஆஸ்பத்திரில இவர் யாருன்னு கேட்டாங்க. கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்திருக்கறவர் அவராத்தானே இருக்கணும், அதை வச்சுச் சொல்லிட்டேன். அப்ப அவர் சிரிச்சார் பாருங்க. வீட்டுக்கு வர்ற வழியில ஸ்வீட்டெல்லாம் வாங்கினார். அதைப் போயி எதுக்குக் கெடுக்கணும்?"

வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த வீட்டுல இன்னொருத்தர் இருந்தார். பேசவே மாட்டார். நான் தூங்குற நேரமாப் பாத்து வந்து, வழி தெரியறதுக்காக நான் வச்சதையெல்லாம் எடுத்துட்டுப் போயிருவார். ஒரு நாள் தூங்கற மாதிரி படுத்துட்டுப் பாத்தேன். நிதானமா ஒவ்வொண்ணா எடுத்தார். எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சுங்க. அன்னைக்குத்தான் வெளியில போயிட்டேன். இப்ப கொஞ்ச நாளா வர்றதில்ல. யாரு அதுன்னு அவர்கிட்ட கேக்கலாம்னு பாப்பேன். அப்படி யாரும் இல்லன்னு சொல்லிட்டார்னா என்ன பண்றது, அதனால கேக்கல."

இருட்டும்வரை அவள் இன்னும் நிறையப் பேசினாள். கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றி, சாரு பிறந்ததைப் பற்றி, வேலையை விட்டதைப் பற்றி. எல்லாம் எனக்குத் தெரிந்த கதைகள் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது.

அவள் விளக்கைப் போட எழுந்தபோது நான் மெதுவாக எழுந்து வெளியே வந்தேன். தெருக்கோடி வரை நடந்தேன். அங்கே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே சத்தமாகச் சொன்னேன், "வசு, நான்தான். வந்துட்டேன். படியேறி வர்றேன். செருப்பக் கழட்டுறேன். ஹாலுக்குள்ள வர்றேன்."

அவள் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா. உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருந்தார்."

"யாரு?"

"பேர் சொல்லல. நல்ல மனுஷர். நான் பேசறதையெல்லாம் குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேட்டுட்டிருந்தார். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

"இனிமே அவர் வரமாட்டார்" என்றேன்.

"ஏன், வரட்டுமே" என்றாள் வசு. "இத்தனை வருஷத்துல என் பேச்சை அப்படி உக்காந்து கேட்டவங்க யாரு?"